உதிரமும் உழைப்பும்: மலையகத் தாய்மையும் கருவிற் குருதியேற்றலும்

1

மலையக இலக்கியத்தைத் தொடர்ந்து பயின்று வருவோர் அதிலே ‘உதிரம்’ என்னும் சொல் பெறும் இடத்தை அவதானிக்கத் தவறார். தொழிலாளியின் இரத்தமே தேநீரின் செந்நிறமாயிற்று என்னும் கருத்து கவிதையிலும் சிறுகதையிலும் தொழிற்சங்க மேடையிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டு, இன்று ஏறத்தாழத் தேய்வழக்காகிவிட்டது. இவ்வுருவகம் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. மூலதனத்தை, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் காட்டேரிக்கு ஒப்பிட்டவர் கார்ல் மார்க்ஸ். அவ்வொப்புமை இடம்பெறும் ‘மூலதனம்’ முதலாம் பாகம் வெளியான 1867ஆம் ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெயிலர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை வர்த்தக நோக்கிற் பயிரிட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும், இரண்டையும் தோற்றுவித்த உலகம் ஒன்றேயாகும்.

எமது திறனாய்வாளர்கள் இவ்வுதிரத்தை உருவகமாகவே வாசித்து வந்துள்ளனர். அதனை ஆய்வுகூடத்தில் அளந்தறியத்தக்க ஒரு பொருளாகவும் கொண்டு வாசித்தால் யாது புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வினா. தென்னிந்தியத் தோட்டங்களில் வைத்தியராகக் கடமையாற்றிய பி. எச். டேனியல், தாம் கண்ட நோயையும் சாவையும் 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக எழுதினார். வைத்தியரொருவர் நாவலாசிரியராக வேண்டியிருந்தமை சிந்திக்கத்தக்கது. தோட்டத்து வைத்திய அறிக்கையில் எழுத இடமில்லாத உண்மைகளுக்கு நாவலிலே இடம் கிடைத்தது எனலாம். நாம் அவரது பாதையை எதிர்த்திசையில் நடக்க முயல்கின்றோம். இலக்கியத்திலிருந்து வைத்திய வரலாற்றை நோக்கிச் செல்கின்றோம்.

இதற்கு நாம் தெரிந்துகொண்ட களம், கருவிலிருக்கும் சிசுவுக்குக் குருதியேற்றும் சிகிச்சையாகும். கடுமையான குருதிச்சோகையால் இறக்கும் தறுவாயிலுள்ள சிசுவை, அது பிறப்பதற்கு முன்னரே, தாயின் வயிற்றினூடாகச் செலுத்தப்படும் ஊசியினாற் காப்பாற்றும் இம்முறை இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் தோட்டத்துத் தாய்மாரிலிருந்து இது மிகத் தொலைவிலுள்ள விடயமாகத் தோன்றலாம். அத்தொலைவு எவ்வாறு உண்டாயிற்று என்பதே எமது ஆய்வுப் பொருளாகும்.

2

தோட்ட நிருவாகம் தொழிலாளியைப் பற்றி எழுதி வைத்த ஆவணங்களுட் பிரதானமானது செக்ரோல். காலையிற் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மாலையிற் கொழுந்து நிறுத்து, ஒருநாள் வேலையைப் பதியும் ஏடு அது. தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரே அவரது உழைப்பின் அலகாகிவிட்ட இவ்வழக்கு, உற்பத்தி உறவுகள் மொழியில் எவ்வாறு படிகின்றன என்பதற்குச் சிறந்த சான்று. செக்ரோல் பெண்ணின் கைகளை அறிந்திருந்தது. அவளது உடலின் ஏனைய பகுதிகளைப் பற்றி அது யாதும் அறிந்திருக்கவில்லை.

அவ்வுடல் வீழ்ந்தபோது மாத்திரமே அரசு அதனைக் கவனித்தது. தோட்டப் பகுதிகளிலே குடிவரவுத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. தீவின் ஏனைய மக்களுக்கு அரசின் பொதுச் சுகாதார சேவை படிப்படியாக வளர்ந்து வருகையில், தோட்டத் தொழிலாளியின் நோய் தோட்டத்துரையின் பொறுப்பாக வகுக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் இது ஒரு சலுகை. உண்மையில், தொழிலாளியின் உடல்நலம் முதலாளியின் செலவுக் கணக்கில் ஒரு பதிவாக மாற்றப்பட்டமையே இங்கு நிகழ்ந்தது. செலவுக் கணக்கில் இடம்பெறும் எதுவும் குறைக்கப்படுவதற்குரியது என்பது மூலதனத்தின் விதி.

தொழிலாளியின் குருதி முதன்முதலாகப் பெருமளவில் ஆராய்ச்சிப் பொருளானது 1916இல் ஆகும். அமெரிக்க றொக்பெல்லர் மன்றத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு அவ்வாண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோரிடம் இப்புழு காணப்பட்டது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகும் இப்புழு, சிறுகுடலிற் பற்றிக்கொண்டு குருதியைக் குடித்து வாழ்வது. மலசலகூடமற்ற லயங்கள், ஈரம் உலராத மண், பாதணியற்ற கால்கள் ஆகிய மூன்றும் சேருமிடத்து அது செழித்து வளரும். இம்மூன்றையும் ஒருங்கே அளித்தது பெருந்தோட்டம்.

ஒரு கணக்கை இங்கு செய்து பார்ப்பது பொருத்தமானது. நெகேற்றர் வகையைச் சேர்ந்த கொளுக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச் செய்யும். நூறு புழுக்களைக் கொண்ட பெண்ணொருத்தி நாள்தோறும் 3 மில்லிலீற்றரை இழப்பாள். கர்ப்பகாலத்தின் 280 நாட்களுக்கும் இதனைப் பெருக்கினால் 840 மில்லிலீற்றர் வரும். குருதிக்கொடையாளி ஒருவர் ஒரு தடவையில் வழங்கும் குருதியினும் இது ஏறத்தாழ இருமடங்காகும். கர்ப்பகாலம் முழுவதுக்கும் பெண்ணுடலுக்கு மேலதிகமாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டப்படுகின்ற வேளையிலேதான் இவ்விழப்பும் நிகழ்கின்றது. ‘உதிரத்தை உறிஞ்சுதல்’ என்பது இவ்விடத்து உருவகம் அன்று.

றொக்பெல்லர் இயக்கம் மனிதாபிமான நோக்கம் அற்றதென்று கூறுவது சரியாகாது. அதிற் பணியாற்றிய வைத்தியருட் பலர் தம் தொழிலில் நேர்மையானவர்கள். எனினும், அவ்வியக்கம் துரைமாருக்கு எடுத்துரைத்த நியாயம் உழைப்புத் திறன் பற்றியதாகவே இருந்தது. குருதி குறைந்த தொழிலாளி குறைவாகவே உழைப்பான் என்பதே அந்நியாயம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதே புழுவுக்குச் ‘சோம்பேறித்தனத்தின் கிருமி’ என்று பத்திரிகைகள் பெயரிட்டிருந்ததையும் இங்கு நினைவுகூரலாம். வறுமை விளைத்த நோய் ஏழையின் குணக்கேடாக விளக்கப்பட்டது. தைமோல், கீனோப்போடியம் எண்ணெய் முதலிய மருந்துகளைத் தொழிலாளருக்கு ஊட்டுவதற்குத் துரைமார் இணங்கினர். ஆயின், மருந்துண்டவர் அதே மண்ணில் மீண்டும் கால் வைக்காதிருக்க வேண்டுமாயின் மலசலகூடங்கள் கட்டப்படல் வேண்டும். அதற்குப் பணம் செலவாகும். அச்செலவை ஏற்கத் துரைமார் தயங்கினர். விளைவாக மருந்து புழுவை வெளியேற்றியது. மண் அதனைத் திருப்பிக் கொடுத்தது.

இவ்வாறு பெருந்தோட்டம் குருதியைக் கண்டறிந்தது உழைப்பின் மூலப்பொருளாகவே. பெண்ணின் குருதி இன்னோர் உயிரின் ஊட்டமுமாகும் என்பது அதன் கணக்கில் வரவில்லை.

3

இனி உலக வைத்திய வரலாற்றுக்கு வருவோம். ஒரு விளக்கம் முதலில் அவசியமாகின்றது. தாயின் குருதிச்சோகையும் சிசுவின் குருதிச்சோகையும் ஒன்றல்ல. சூல்வித்தகம் தாயிடமிருந்து இரும்பை வலிந்து ஈர்த்துச் சிசுவுக்குக் கொடுக்கும் இயல்புடையது. தாய் வெளிறிப் போயிருப்பினும் சிசு பெரும்பாலும் தன் பங்கைப் பெற்றுவிடும். அதன் விலையைத் தாய் தன் உடலாலும், சிசு குறைநிறைப் பிறப்பினாலும் குறைந்த இரும்புச் சேமிப்பினாலும் பின்னர் செலுத்துகின்றனர். கருவிலேயே உயிரைப் பறிக்கும் கடுஞ்சோகைக்குக் காரணங்கள் வேறு. அவற்றுள் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது றீசஸ் முரண்பாடாகும். பார்வோ வைரசுத் தொற்று, அல்பா தலசீமியாவின் கடும்வகை, சிசுவின் குருதி தாயினுட் கசிதல் முதலியன ஏனைய காரணங்கள்.

1939இல் லெவினும் ஸ்ரெற்சனும் இறந்த சிசுவொன்றைப் பிரசவித்த தாயின் குருதியிற் புதியதொரு பிறபொருளெதிரியைக் கண்டு அறிவித்தனர். 1940இல் லான்ட்ஸ்டெய்னரும் வீனரும் றீசஸ் காரணியை வெளிப்படுத்தினர். றீசஸ் எதிர்க் குருதியுடைய தாய், றீசஸ் நேர்ச் சிசுவைச் சுமக்கும்போது, பொதுவாகப் பிரசவ வேளையிற் சிசுவின் குருதி சிறிதளவு தாயினுட் கலக்கின்றது. தாயின் உடல் அதனை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்கின்றது. முதற் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் றீசஸ் நேர்ப் பிள்ளைகளின் செங்குருதிக்கலங்களை அவ்வெதிர்ப்பொருள் சூல்வித்தகத்தைக் கடந்து சென்று அழிக்கும். சிசு மஞ்சள் பூத்துப் பிறக்கும். அல்லது உடலெங்கும் நீர்கோத்துக் கருவிலேயே இறக்கும். தலைமுறை தலைமுறையாகச் சாபமென்றும் தோஷமென்றும் மக்கள் அஞ்சிய ஒன்றுக்கு இவ்வாறு பௌதிக விளக்கம் கிடைத்தது.

பிறந்த சிசுவின் குருதியை மாற்றியேற்றும் முறை 1940களில் வளர்ந்தது. பிறக்கும்வரை உயிரோடிராத சிசுவுக்கு அதனாற் பயனில்லை. நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரத்து வைத்தியரான வில்லியம் லைலி 1963இல் இந்த எல்லையைக் கடந்தார். குருதியைச் சிசுவின் வயிற்றறையினுட் செலுத்தினால் அங்கிருந்து அது சுற்றோட்டத்துள் உறிஞ்சப்படும் என்பதே அவர் பயன்படுத்திய தத்துவம். ஆபிரிக்காவிலே குருதிச்சோகையுற்ற குழந்தைகளுக்கு வயிற்றறை வழியே குருதியேற்றும் வழக்கமிருந்தமையை அவர் கேள்வியுற்றிருந்தார். வசதி குன்றிய நாட்டு வைத்தியசாலைகளின் அனுபவம் இவ்வாறு முன்னேறிய நாட்டின் சாதனைக்கு வழிகோலியமை வைத்திய வரலாறுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. லைலியின் முதன் முயற்சிகள் தோல்வியுற்றன. பின்னர் சிசுவொன்று பிழைத்தது. அதுவரை தாயின் உறுப்பொன்றைப் போலக் கருதப்பட்ட சிசு, அன்று தன்னளவில் ஒரு நோயாளியாயிற்று.

லைலியின் ஊசி எக்ஸ்-கதிரின் துணையோடு ஏறத்தாழ இருளிலேயே சென்றது. 1981இல் லண்டனில் றோடெக்கும் அவர் குழுவினரும் கருநோக்குக் கருவியின் துணையுடன் கொப்பூழ்நாணின் குருதிக்கலத்தினுள்ளேயே நேரடியாகக் குருதியேற்றினர். 1983 அளவில் பாரிசில் டபோசும் அவர் குழுவினரும் கேளா ஒலி அலைப் படத்தை மட்டும் துணைக்கொண்டு கொப்பூழ்நாணை அடையும் வழியைச் செம்மைப்படுத்தினர். சிசுவின் மூளைக்குச் செல்லும் நாடியிற் குருதி பாயும் வேகத்தைக் கொண்டு, ஊசியின்றியே கடுஞ்சோகையை அறியலாமென மாரியும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் நிறுவினர். குருதி நீர்த்திருக்குமிடத்து அது விரைந்து பாயும் என்பதே அதன் அடிப்படை. இன்று தேர்ச்சி பெற்ற நிலையங்களில் இச்சிகிச்சை பெறும் சிசுக்களுட் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன.

ஏற்றப்படும் குருதியின் அளவு மிகச் சிறிது. ஏழு மாதத்துச் சிசுவுக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர். தேநீர்க் கோப்பையொன்றின் மூன்றிலொரு பங்கு. மேலே கூறிய பெண்ணிடமிருந்து நூறு புழுக்கள் பதினேழு நாட்களில் எடுத்துக்கொள்ளும் அளவு அது.

இதனினும் எளியதும், சமூக நோக்கில் இதனினும் பெரியதுமான சாதனை 1968இற் கிடைத்தது. பிரசவித்து 72 மணித்தியாலத்தினுள் றீசஸ் எதிர்த் தாய்க்கு அன்ரி-டி என்னும் ஊசிமருந்தை ஏற்றினால் அவளது உடல் எதிர்ப்பொருளை ஆக்காது; அடுத்த பிள்ளை காக்கப்படும். லிவர்பூலிலும் நியூயோர்க்கிலும் நிகழ்ந்த ஆய்வுகளின் பயன் இது. நியூயோர்க் ஆய்வின் தொடக்கப் பரிசோதனைகள் சிங்சிங் சிறைச்சாலைக் கைதிகள் மீது செய்யப்பட்டன என்பதையும் வரலாறு மறத்தலாகாது. அம்மருந்து மனித குருதியிலிருந்தே எடுக்கப்படுவது. அவுஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹரிசன் தம் வாழ்நாளில் 1173 தடவைகள் குருதித் திரவவிழையத்தை அதற்கென இலவசமாக வழங்கி, 2025இல் மறைந்தார். குருதியைப் பண்டமாக்கிய சமூகங்களையும் கொடையாகப் பேணிய சமூகங்களையும் ஒப்பிட்டு றிச்சர்ட் ரிற்மஸ் 1970இல் எழுதிய நூல் சுட்டிய உண்மைக்கு இவரது வாழ்வு ஓர் உரைபோல அமைந்தது. இலங்கையின் குருதிச் சேவையும் 2014 தொடக்கம் முழுவதும் தன்னார்வக் கொடையிலேயே தங்கியுள்ளது. சந்தையின் விதிகளுக்கு வெளியே பெருமளவில் இயங்கக்கூடிய பொது ஸ்தாபனங்கள் சாத்தியமே என்பதற்கு அது கண்முன்னுள்ள சான்று.

4

இவ்வாண்டுகளை மலையக வரலாற்றின் ஆண்டுகளுடன் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. றீசஸ் முரண்பாட்டின் முதலாவது தடயம் வெளியான 1939இலேயே இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கூலியில் ஒரு பங்கை வழங்க வேண்டுமென்று அது விதித்தது. சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டத்துப் பெண் தாயாகவும் தென்பட்ட முக்கியமான தருணம் அது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அப்பெண்ணை நாடற்றவளாக்கியது. லைலியின் ஊசி வெற்றிகண்ட மறு ஆண்டில், 1964 ஒக்ரோபரில், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஓக்லண்டிற் பிறவாத சிசுவொன்று நோயாளி என்ற தகுதியைப் பெற்றுக்கொண்டிருந்தபோது, நுவரெலியாவிற் பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தி எந்நாட்டுக்கும் உரியவளல்லாதிருந்தாள்.

அன்ரி-டி மருந்து பாவனைக்கு வந்த சில ஆண்டுகளிலே 1973-74இன் உணவு நெருக்கடி தோட்டங்களைத் தாக்கியது. பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது; வேலை நாட்கள் குறைந்தன; காய்கறித் தோட்டமோ வயலோ இல்லாத தொழிலாளருக்கு மாற்று வழியிருக்கவில்லை. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அரசு உடைமையாளராயிற்று, ஆயினும் லயம் லயமாகவே இருந்தது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்கூலி 1984இலேதான் கிடைத்தது. அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னரே. அதே தசாப்தத்தில் ஊக்கத்தொகையுடன் கூடிய கருத்தடைச் சத்திரசிகிச்சை தோட்டத்துப் பெண்களிடையே பரவலாக மேற்கொள்ளப்பட்டது. தோட்டத்துப் பெண்ணின் கருப்பையை அரசு கவனித்த விதங்களுள் இதுவே முனைப்பானதாக இருந்தமை கசப்பான உண்மை.

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில், லயக் காம்பிராவொன்றின் திண்ணையில், முதிய தாயொருவரோடு நாம் நெடுநேரம் உரையாடினோம். தாலாட்டுகளைச் சேகரிக்கும் நோக்குடன் சென்றிருந்தோம். தாலாட்டு வரவில்லை, வேறொன்று வந்தது.

“மொதப் புள்ள நல்லா இருந்துச்சு தம்பி. அதுக்கப்புறம் மூணு. ஒண்ணு மஞ்ச மஞ்சளா இருந்து மூணாம் நாளு போயிருச்சு. மத்த ரெண்டும் வயித்துலயே போயிருச்சு. எங்க மாமியா என்னயத்தான் சொன்னாங்க. நானும் அப்புடித்தான் நெனச்சிக்கிட்டேன்.”

அவர் கூறியதைக் கொண்டு நோயை நிர்ணயிப்பது எமது தகுதிக்கு அப்பாற்பட்டது. மூன்று மரணங்களுக்கும் வெவ்வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும், முதற் பிள்ளை பிழைத்துப் பின்வந்தவை மடியும் அந்த ஒழுங்கு வைத்திய நூல்களிலே காணப்படும் ஒழுங்குதான். அவரது குருதி எவ்வகையது என்று வினவினோம். அதனை எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார். நாற்பதாண்டுகள் அவர் பறித்த கொழுந்தின் நிறை நாள்தோறும் எழுதப்பட்டது. அவரது குருதியின் வகை ஒரு தடவையேனும் அவர் கைக்கெட்டுமாறு எழுதப்படவில்லை. அம்மரணங்களுக்குத் தாமே காரணமென்று அரை நூற்றாண்டுக் காலம் அவர் நம்பி வாழ்ந்திருக்கின்றார். சுரண்டலின் விளைவுகளைக் கணக்கிடுவோர் கூலியையும் வேலை நேரத்தையும் கணக்கிடுகின்றனர். இவ்வீணான குற்றவுணர்வை எவ்வலகினால் அளப்பது?

5

இன்றைய நிலை அன்றைய நிலையன்று என்பதை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். 2003இன் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் திட்டம் தொடங்கியது. இன்னும் அது முற்றுப்பெறவில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017 மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. தோட்டத்துப் பிரசவங்களிற் பெரும்பாலானவை இன்று வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. கர்ப்பிணியின் பதிவட்டையில் குருதி வகைக்கென ஓர் இடம் உண்டு. பொதுச் சுகாதார மருத்துவ மாது நிரப்புவிக்கும் அச்சிறு கட்டத்தையே நாம் மலையகப் பெண்ணின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதுகின்றோம். செக்ரோலுக்குப் பின், அவள் உடலை அவள் பொருட்டே பதியும் ஆவணம் அது.

ஆயின், அக்கட்டத்திலிருந்து ஊசிவரை செல்லும் வழி நெடியது. குருதி றீசஸ் எதிர் எனக் காணப்பட்டால் எதிர்ப்பொருள் உண்டா எனச் சோதித்தல் வேண்டும். உண்டெனின் அதன் செறிவைத் தொடர்ந்து அளத்தல் வேண்டும். செறிவு கூடினால், சிசுவின் மூளை நாடியின் குருதியோட்டத்தைப் பார்க்கத் தெரிந்த நிபுணரிடம் அனுப்புதல் வேண்டும். வேகம் அவ்வயதுக்குரிய நடுப்பெறுமானத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் குருதியேற்றல் பற்றி முடிவு செய்யப்படும். தாயின் குருதியுடன் பொருத்திப் பார்க்கப்பட்ட, ஓ எதிர் வகையைச் சேர்ந்த, செறிவாக்கப்பட்டுக் கதிரூட்டப்பட்ட குருதி வேண்டும். ஒரு தடவை ஏற்றியது இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். பிறக்கும்வரை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும். இத்தகைய தேர்ச்சி பெருநகரங்களைச் சார்ந்த போதனா வைத்தியசாலைகளிலேயே கிட்டும்.

நுவரெலியாவிலிருந்து கண்டி ஏறத்தாழ 75 கிலோமீற்றர் மலைப்பாதை. கொழும்பு அதனினும் இருமடங்குக்கு மேல். தோட்டத்தின் மேற்பிரிவு லயத்திலிருந்து தார்வீதியை அடைவதே ஒரு பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பேர் இழக்கப்படும். உடன்செல்பவருக்கு இன்னொரு பேர். வைத்தியசாலையில் எழுதப்படும் குறிப்பும் கூறப்படும் அறிவுரையும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வயிற்றினூடாக ஊசி செல்லவிருக்கின்றது என்பதை அத்தாய்க்கு அவளது மொழியில், அவளது அச்சத்தை மதித்து, விளக்குவார் வேண்டும். விளக்கமில்லாத சம்மதம் சம்மதமாகாது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. இச்சங்கிலியின் மெலிந்த கண்ணிகள் யாவும் ஆய்வுகூடத்துக்கு வெளியிலேயே உள்ளன.

றீசஸ் எதிர்க் குருதியுடையோர் ஐரோப்பியரிடையே நூற்றுக்குப் பதினைந்து பேர். எம்மிடையே ஏறத்தாழ ஐந்து பேர். சிறு தொகையினரே என்று இதனைப் புறக்கணிக்கும் வாதம் எழலாம். அன்ரி-டி மருந்து வந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், உலகில் அது வேண்டப்படும் பெண்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அது எட்டுவதில்லை என்பது துறைசார்ந்தோரின் மதிப்பீடு. எட்டாதவர் யாவர் என்பதைக் கூறத் தேவையில்லை. வைத்தியசாலைக்குச் செல்லாது லயத்திலேயே கருச்சிதைவுற்று, மறுநாட் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவளது 72 மணித்தியாலம் எவரும் அறியாமலே கழிந்துவிடும். சில ஆண்டுகளின் பின் அவளுக்குப் போதனா வைத்தியசாலையின் ஊசி தேவைப்படலாம். மிகச் சிக்கலான சிகிச்சை தேவையாவது, மிக எளிய தடுப்பு தவறிய இடத்திலேயே என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

இதனோடு தாயின் சோகை என்னும் பழைய பிரச்சினையும் தீர்ந்தபாடில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய மதிப்பாய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17.3, தோட்டப் பகுதியில் 31.7. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போதும் உணவுப் பாதுகாப்பின்மை பெருந்தோட்டத் துறையிலேயே மிகக் கூடுதலாகக் காணப்பட்டது. கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியும் காலை உணவாகும் வீடுகளில், ரொட்டியிலுள்ள சிறிதளவு இரும்பையும் உடல் ஏற்கவிடாது தடுப்பது அத்தேநீரிலுள்ள தனின் என்னும் பொருளே. ஏற்றுமதிக்குரிய கொழுந்தைப் பறித்தவள், எஞ்சிய தூளைக் காய்ச்சிக் குடித்துத் தன் குருதியின் இரும்பை இழக்கின்றாள். நாவலாசிரியன் எவனும் கற்பித்திருக்கக்கூடிய முரணன்று இது.

6

முடிவாக, இரண்டு கருத்துகளை வலியுறுத்த விரும்புகின்றோம்.

முதலாவது, விஞ்ஞானத்தின் வளர்ச்சியும் அதன் விநியோகமும் இருவேறு வரலாறுகளை உடையன. கருவிற் குருதியேற்றலின் வரலாறு 1963இல் தொடங்கி விரைந்து முன்னேறியது. அதனை நோக்கித் தோட்டத்துத் தாய் நடந்த பாதையின் வரலாறு 1872இன் கட்டளைச் சட்டத்தில் தொடங்கி, கொளுக்கிப்புழுவையும் பிரசாவுரிமைப் பறிப்பையும் பட்டினியையும் கூலிப் போராட்டத்தையும் கடந்து வருவது. அப்பாதை தானாகச் செப்பனிடப்பட்டதன்று. ஒவ்வொரு முழமும் போராடிப் பெறப்பட்டது. ஆகவே, இச்சிகிச்சையை மலையகத்துக்குக் கொணர்தல் என்பது கருவிகளைக் கொணர்தல் மட்டுமன்று. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தாயினதும் குருதி வகை அறியப்படல், கருச்சிதைவுற்றவருக்கும் அன்ரி-டி தவறாது கிடைத்தல், வைத்தியசாலைக்குச் செல்லும் நாளுக்குக் கூலி இழக்கப்படாமை, தாய்மொழியில் விளக்கம் பெறும் உரிமை ஆகியன தொழிற்சங்கக் கோரிக்கைகளாதல் வேண்டும். நாட்கூலி பற்றிய கோரிக்கைக்கு இவை புறம்பானவையல்ல. இரண்டும் ஒரே குருதியைப் பற்றியவை.

இரண்டாவது, இலக்கிய மாணவராகிய எமக்குரியது. ‘உதிரம்’ என்னும் சொல்லைத் தேய்வழக்கென்று ஒதுக்குமுன், அச்சொல்லின் பின்னால் அளக்கப்படாது போன உண்மையான உதிரம் இருந்தது என்பதை உணர்தல் வேண்டும். எழுதப்படாத வைத்திய அறிக்கைகளுக்குப் பதிலாக மக்கள் அச்சொல்லைப் பேணி வந்தனர். உருவகம் தேய்ந்தது, அது குறித்த நிலைமை தேயவில்லை.

விடைபெறும் வேளையில் அம்முதிய தாய் எம்மிடம் ஒன்று கேட்டார். தம் பேத்தி இப்போது முழுகாமலிருப்பதாகவும், அவளுடைய கிளினிக் அட்டையிலே குருதி வகை எழுதியிருக்கின்றதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அட்டையை வாங்கிப் பார்த்தோம். எழுதப்பட்டிருந்தது.